சிவப்புச் சாயமும் ஸ்டீயரிங் ஆயிலும்

பவர் ஸ்டீயரிங் ஆயிலைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு வெகுகாலமாக மேல்முறையீடு இல்லாமல் நிற்கிறது. பானட்டைத் தூக்கி, ரிசர்வாயர் டப்பாவின் மூடியைத் திருகிப் பார்க்கும்போது உள்ளே சிவப்பாக இருந்தால் ஆயில் நன்றாக இருக்கிறது, கறுத்திருந்தால் கெட்டுவிட்டது, மட்டம் குறைந்திருந்தால், உள்ளே என்ன நிறமோ அதே நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கி ஊற்றினால் போதும். கார் வைத்திருப்பவர் இதைத்தான் நம்புகிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இதைத்தான் சொல்கிறார்கள். சர்வீஸுக்கு விட்ட வண்டியின் பில்லில் ‘ஆயில் கறுப்பு, மாற்ற வேண்டும்’ என்று எழுதுவதும் இதே நம்பிக்கையில்தான். கேட்க எளிதாக இருக்கிறது, பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் இந்தத் தீர்ப்பின் மூன்று பகுதிகளுமே நிற்காது. நிறம் ஆயிலின் வகையைச் சொல்வதில்லை. அதன் நிலையைப் பற்றிச் சொல்வதும் அரைகுறைதான். நிறத்துக்கு நிறம் பார்த்து ஊற்றும் பழக்கமோ, சில வண்டிகளில் பம்ப்பையும் ரேக்கையும் சேர்த்துக் காவு வாங்கிவிடும்.

ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் இந்த ஆயிலுக்கு என்ன வேலை என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இன்ஜின் பெல்ட் ஒரு பம்ப்பைச் சுற்றுகிறது. பம்ப்புக்குள் சுழலும் உருளையின் பள்ளங்களில் மெல்லிய தகடுகள் வெளியே நீண்டும் உள்ளே ஒடுங்கியும் ஆயிலைத் தள்ளுகின்றன. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டின் அடியில் இருக்கும் ஒரு கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சின்ன முறுக்கலே ஒரு வால்வைத் திறந்து, சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இந்தப் பக்கத்துக்கோ அந்தப் பக்கத்துக்கோ ஆயிலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் அந்த அழுத்தம் 80 பார், 100 பார் என்று ஏறும். டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேல்தான் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். இவ்வளவு அழுத்தத்தில் ஆயில் நுரைக்கக் கூடாது. தகடுகள் உரசும் இடத்தில் படலம் அறுந்துபோகக் கூடாது. சூட்டைச் சுமந்து போக வேண்டும். வழியிலுள்ள ரப்பர் சீல்களை ஊதிப் பெருக்கவும் கூடாது, சுருக்கி இறுக்கவும் கூடாது. அடிப்படை எண்ணெயும் அதில் கலந்த ரசாயனங்களும் இந்த வேலைகளைச் செய்கின்றன. சாயத்துக்கு இவற்றில் ஒன்றிலும் பங்கில்லை.

பிறகு அந்தச் சிவப்பு எப்படி வந்தது? அது ஸ்டீயரிங்குக்காக வந்த நிறமே இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் ஆயிலுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் ‘டைப் ஏ’ என்று ஒரு தரக்குறிப்பை வகுத்தது. அதற்குப் பின் வந்தவைதான் 1960களின் கடைசியில் தொடங்கிய டெக்ஸ்ரான் வரிசையும், ஃபோர்டின் மெர்க்கானும். இந்தக் கியர் ஆயிலை இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்துக் காட்டவும், வண்டிக்கடியில் சொட்டும்போது எங்கிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடிக்கவும் அதில் சிவப்புச் சாயம் கலந்தார்கள். 1951இல் கிரைஸ்லர் தன் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. புதிதாக ஒரு ஆயில் தயாரிப்பதைவிடக் கையில் இருக்கும் கியர் ஆயிலையே இதற்கும் ஊற்றுவது பலருக்கு வசதியாக இருந்தது. ஆக, ஸ்டீயரிங் டப்பாவில் நாம் பார்க்கும் சிவப்பு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. ஒழுகும் இடத்தைக் காட்டுவதற்காகக் கலந்தது. அந்த ஒரு வேலையை அது இன்றைக்கும் ஒழுங்காகச் செய்கிறது. தரத்துக்குச் சாட்சி சொல்லும் வேலையை அதன் தலையில் கட்டியவர்கள் நாம்.

‘எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால் நிறமே அடையாளம் ஆகிவிடாதா?’ என்று கேட்கலாம். ஆகும். ஆனால் இங்கே எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றவில்லை, பின்பற்றச் சொல்லும் சட்டமும் இல்லை. பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் 116ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி, டாட் 3, டாட் 4 ஆயில்கள் நிறமற்றதிலிருந்து தேன் நிறம்வரை இருக்கலாம், சிலிக்கானில் செய்த டாட் 5 ஊதாவாக இருக்க வேண்டும், கனிம எண்ணெய் என்றால் பச்சையாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு அப்படி உலகம் ஒப்புக்கொண்ட நிற விதி கிடையாது. டெக்ஸ்ரான் சிவப்பு. ஜெர்மன் கார்கள் பலவற்றில் ஊற்றும் சிஎச்எஃப் 11எஸ் பச்சை. ஹோண்டாவின் ஸ்டீயரிங் ஆயில் வெளிர்மஞ்சள். இந்தக் கடைசி நிறத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புது பிரேக் ஆயிலும் அதே மஞ்சள்தான். கண்ணாடி டம்ளரில் இரண்டையும் ஊற்றி வைத்தால் பழகிய கண்ணும் தடுமாறும். ஒன்று கனிம எண்ணெய் வழிவந்தது, மற்றது கிளைக்கால் ஈதர். ஸ்டீயரிங்கின் நைட்ரைல் ரப்பர் சீல்களுக்குப் பிரேக் ஆயில் ஆகாது. பிரேக்கின் இபிடிஎம் ரப்பருக்குக் கனிம எண்ணெய் ஆகவே ஆகாது. ஸ்டீயரிங் ஆயிலில் கொஞ்சம் பிரேக் டப்பாவுக்குள் போனாலே மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் ஊதி, பிரேக் பிடித்துக்கொள்ளும் அல்லது கைவிடும். மஞ்சளுக்கு மஞ்சள் என்று பார்த்து ஊற்றுபவரைக் காப்பாற்ற அந்த நிறத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை.

நிறத்தை ஒரு குறியீடாக ஒழுங்காகப் பயன்படுத்திய இடம் ஒன்று உண்டு. எதிர்த்தரப்பு இதைத்தான் முன்வைக்க வேண்டும். அவர்கள் வைக்காததால் நானே வைக்கிறேன். பிரான்ஸின் சித்ரோயன் நிறுவனத்தின் டிஎஸ் காரில் ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரே ஹைட்ராலிக் ஆயில்தான் இயக்கியது. 1960களின் நடுவில் அது எல்எச்எஸ் என்ற சிவப்பு நிறச் செயற்கை ஆயில். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருப்பிடிக்க வைத்தது. 1966இல் அந்நிறுவனம் எல்எச்எம் என்ற பச்சைக் கனிம எண்ணெய்க்கு மாறியது. இரண்டுக்கும் சீல் ரப்பர் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் வண்டியின் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் நாசம். அதனால் ஆயிலைப் பச்சையாக்கியதோடு நிற்காமல், அந்த ஆயில் ஓடும் பாகங்களுக்கும் பச்சை வண்ணம் அடித்து அனுப்பினார்கள். இங்கே நிறம் நம்பத்தகுந்ததாக இருந்ததற்குக் காரணம், ஆயிலையும் பாகத்தையும் கையேட்டையும் ஒரே கை கட்டுப்படுத்தியது. அந்தப் பச்சையை இன்றைய கடைத் தட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? எல்எச்எம்மும் பச்சை, சிஎச்எஃப்பும் பச்சை, சில சிவிடி கியர் ஆயில்களும் பச்சை. டிஎஸ் காரில் பச்சை என்றால் ஒரே பொருள். கடையில் பச்சை என்றால் குறைந்தது மூன்று. சிவப்பின் கதையும் இதேதான்: பழைய டெக்ஸ்ரான் 2, அதற்குப் பின் வந்த டெக்ஸ்ரான் 3, 2005இல் வந்த, அதைவிட நீர்த்த டெக்ஸ்ரான் 6, கிரைஸ்லரின் ஏடிஎஃப்+4 எல்லாமே சிவப்பு. பாட்டிலைத் திறந்து பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்லக்கூடியவர் யாரும் இருக்க முடியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுடையவர்களும் ஒர்க்‌ஷாப்புகளில் வேலை செய்கிறார்கள் என்பது தனி விஷயம்.

வகை போகட்டும், நிலையையாவது நிறம் சொல்லாதா என்ற கேள்விக்கு வருவோம். ‘கறுத்தால் கெட்டது’ என்ற விதி பிறந்ததும் கியர்பாக்ஸில்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் முங்கியபடி உரசுகின்றன. அவை தேய்ந்து கருகினால் அந்தத் தூள் ஆயிலில் கலந்து கறுப்பாக்கும், தீய்ந்த வாடையும் அடிக்கும். அங்கே கறுப்புக்கு ஒரு பொருள் இருந்தது. ஸ்டீயரிங்கில் கிளட்ச் தட்டு கிடையாது. இங்கே ஆயில் கறுப்பதற்குக் காரணங்கள் பல: சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆயில் மூப்பது, ஹோஸின் உட்புற ரப்பர் கரைவது, பம்ப் தகடுகளின் தேய்மானம், வேறு ஆயில் கலந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால் சாயம் மங்குவது. இவற்றில் சில கவலைக்குரியவை, சில ஒன்றுமே இல்லாதவை. நிறம் எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத்தான் தருகிறது. கிரைஸ்லர் நிறுவனமே தன் ஏடிஎஃப்+4 பற்றிய குறிப்புகளில் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டது: அதிலுள்ள சிவப்புச் சாயம் நிரந்தரமானதல்ல, நாளாக நாளாகப் பழுப்பாகத் தெரியலாம், வாடையும் மாறலாம், நிறத்தையோ வாடையையோ வைத்து ஆயிலை மாற்ற முடிவெடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம். கியர்பாக்ஸுக்காக எழுதியதுதான், ஆனால் அந்நிறுவனத்தின் பல வண்டிகளில் ஸ்டீயரிங் டப்பாவுக்குள் போவதும் அதே ஆயில்தான். ஆயிலைத் தயாரிக்கச் சொன்னவரே நிறத்தைக் கைவிட்டுவிட்டார். நாம் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கையில் எனக்கு மிகவும் கவலை தருவது கறுப்பைக் கண்டு பயப்படுவதுகூட இல்லை. சிவப்பைக் கண்டு நிம்மதியடைவதுதான். ஸ்டீயரிங் ஆயில் பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய சுற்றுக்குள் ஓடுகிறது. மட்டம் குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்றுதான் பொருள். ஒழுகும் வண்டிக்கு மாதம் ஒருமுறை டாப்-அப் நடக்கும். டாப்-அப் நடக்க நடக்கப் பழைய ஆயில் வெளியே போய்ப் புது ஆயில் உள்ளே வரும். ஆகவே ஊரிலேயே பளிச்சென்று சிவந்த ஆயில் இருப்பது மிக மோசமாக ஒழுகும் வண்டியில்தான். ஒரு சொட்டும் ஒழுகாமல் 8 வருடம் ஓடிய வண்டியின் ஆயில் பழுப்பேறிக் கிடக்கும். நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுதினால் முதல் வண்டிக்குப் பாராட்டும் இரண்டாவதற்குத் தண்டனையும் கிடைக்கும். ஒழுகல் சாதாரண விஷயமும் அல்ல. ஹோஸின் இரும்பு முனையை ரப்பரோடு நசுக்கிச் சேர்த்த இடத்திலிருந்து சொட்டும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்தால் தீப்பிடிக்கும். 2012இல் அமெரிக்காவில் வி6 இன்ஜின் கொண்ட ஹோண்டா அக்கார்ட் கார்கள் 5 லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டது பவர் ஸ்டீயரிங் ஹோஸில் ஏற்பட்ட ஒழுகலும் அதனால் வரக்கூடிய தீயும் காரணமாகத்தான். ரேக்கின் இரு முனைகளிலும் இருக்கும் ரப்பர் பூட் இன்னொரு மறைவிடம். உள் சீல் போனால் ஆயில் அந்தப் பூட்டுக்குள் சேரும். தரையில் ஒரு சொட்டும் தெரியாது. கிளிப்பைத் தளர்த்திப் பூட்டின் ஓரத்தை விரலால் நெம்பினால் கையில் வழியும். இதைச் செய்யாமல் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து ‘நல்ல சிவப்பாத்தான் இருக்கு’ என்று மூடியைத் திருகிவிட்டுப் போவது எத்தனை இடங்களில் நடக்கிறது!

பார்க்கும் விதத்திலும் ஏமாற்றம் இருக்கிறது. டப்பா வெண்மையான பிளாஸ்டிக். இன்ஜின் சூட்டில் சில வருடங்களில் அதுவே பழுப்பாகிவிடும், புது ஆயில் ஊற்றினாலும் வெளியிலிருந்து பழுப்பாகத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் ஆழம் கூடக்கூட எந்த நிற ஆயிலும் கருமையாகத் தெரியும். அதே ஆயிலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விட்டுச் சில நிமிடம் விட்டால் வேறு கதை சொல்லும். விளிம்புவரை ஒரே சீராகப் பரவினால், அது பழுப்பாக இருந்தாலும் அவசரமில்லை. நடுவில் கரும்புள்ளி தங்கி, வெளியே மட்டும் ஈரம் பரவினால் ஆயிலில் தூள் மிதக்கிறது. அந்தப் புள்ளியை இரு விரலுக்கிடையே தேய்த்து வெயிலில் பிடித்தால் இரும்புத் தூள் மினுக்கும். அப்படி மினுக்கினால் பம்ப் தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று நுரை. இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிவிட்டு டப்பாவைப் பார்த்தால், ஆயில் வெளுத்து, பால் கலந்தாற்போல், மேலே குமிழிகளோடு இருந்தால் உறிஞ்சும் பக்க ஹோஸின் வழியாகக் காற்று உள்ளே போகிறது. கூடவே பம்ப் முனகும். ‘இதுவும் நிறம் பார்ப்பதுதானே’ என்று யாராவது மடக்கலாம். இங்கே பார்ப்பது காற்றை, தூளை, பரவலை. இவை ஆயில் சிவப்பானாலும் பச்சையானாலும் மஞ்சளானாலும் ஒரே மாதிரி தெரியும் என்பதே வித்தியாசம்.

அனுபவமுள்ள மெக்கானிக் நிறம் பார்த்தே சரியாகச் சொல்லிவிடுகிறாரே என்பது அடுத்த வாதம். இதை லேசாகத் தள்ள முடியாது. முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவருக்குத் தெரிவது கையேட்டில் இல்லாதது. ஆனால் அவர் உண்மையில் என்னென்ன செய்கிறார் என்று கவனித்தால், நிறம் அதில் கடைசியில்தான் வருகிறது. வண்டி வந்து நிற்கும்போதே பம்ப்பின் சத்தத்தைக் காதில் வாங்கிவிடுகிறார். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஹோஸ் முனைகளில் தூசி ஈரமாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கிறார், மூடியைத் திறந்ததும் முகர்கிறார், ஆயிலை விரலில் தொட்டுத் தேய்க்கிறார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மலைப்பாதை வண்டியா, டவுன் வண்டியா என்று கேட்கிறார். இத்தனைக்கும் பிறகு ‘ஆயில் கறுத்துப்போச்சு, மாத்திடுங்க’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பது வாடிக்கையாளருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. நாம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அவர் செய்ததையெல்லாம் விட்டுவிட்டோம். அவருடைய திறமையை நிறத்தின் பெயரில் வரவு வைப்பது அவருக்கும் நியாயமில்லை.

‘இதெல்லாம் குளிர் நாட்டுக்காரன் கணக்கு, நம்மூர் வெயிலில் எந்த ஆயிலும் ஓடும்’ என்கிற வாதத்திலும் பாதி உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். சிஎச்எஃப் 11எஸ் போன்ற ஆயில்கள் மைனஸ் 40 டிகிரியிலும் இளகி ஓட வேண்டும் என்று செய்யப்பட்டவை. 40 டிகிரி சூட்டில் அதன் பிசுக்கு டெக்ஸ்ரான் 3இன் பிசுக்கில் ஏறத்தாழப் பாதி. 100 டிகிரியை நெருங்கும்போது இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். திருச்சியிலும் மதுரையிலும் யாரும் மைனஸ் 40இல் வண்டியை ஸ்டார்ட் செய்யப்போவதில்லை என்பதால், குளிர் சார்ந்த அந்த ஒரு தகுதி நமக்கு வீண்தான். ஆனால் ஆயிலின் தகுதி அதோடு முடிந்துவிடுவதில்லை. எந்த ரப்பருக்கு எது ஒத்துப்போகும், நுரை எப்படி அடங்கும், தகடு உரசும் இடத்தில் எது படலம் கட்டும் என்ற கேள்விகள் வெயிலில் இன்னும் கூர்மையாகின்றன. சூடு ஏற ஏற ரப்பர் சீக்கிரம் கெடும், ஆயில் சீக்கிரம் மூப்படையும். குறுகிய தெருக்களில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அங்கேயே பிடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பும் நம் பழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. அப்படிப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பம்ப்பின் அழுத்த வால்வு திறந்து, ஆயில் அங்கேயே சுற்றிச்சுற்றிச் சூடாகிறது. சக்கரம் முட்டியதும் ஸ்டீயரிங்கை ஒரு மயிரிழை தளர்த்துவது எந்த நிற ஆயிலுக்கும் நல்லது. ஹோண்டாவின் கையேடுகள் அவசரத்துக்கு வேறு ஸ்டீயரிங் ஆயில் ஊற்ற நேர்ந்தால், கூடிய சீக்கிரம் அதை முழுவதும் வெளியேற்றிவிட்டுத் தங்கள் ஆயிலையே நிரப்பச் சொல்கின்றன. அந்த அறிவுரையில் வெயில் நாட்டுக்கு விலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

நிறம் வேண்டாம் என்றால் லேபிளை நம்பச் சொல்கிறீர்கள், லேபிள் மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் அந்தப் பெயரோடு நிற்கும் பாட்டில்கள் எதற்கும் அந்நிறுவனத்தின் சோதனை முத்திரை கிடையாது. ‘டெக்ஸ்ரான் 3 கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பவரே சொல்லிக்கொள்வதுதான். போலிச் சரக்கும் சந்தையில் இல்லாமலில்லை. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் பாட்டிலைப் பில்லோடு வாங்க வேண்டும் என்பதே. லேபிளில் பொய் எழுதுபவருக்குச் சாயம் கலப்பது அதைவிடச் சுலபம். போலி ஆயில் செய்பவன் முதலில் சரியாகச் செய்வது சிவப்பைத்தான். லேபிளிலாவது தரக்குறியீடு, தயாரித்தவர் பெயர், தொகுதி எண் என்று பிடித்துக் கேட்க ஏதோ இருக்கிறது. எந்தத் தரக்குறியீடு என்பதற்கும் அலைய வேண்டியதில்லை. கையேட்டில் இருக்கும், பல வண்டிகளில் டப்பாவின் மூடியிலேயே பொறித்திருக்கும். ஹூண்டாய் வண்டிகளில் பிஎஸ்எஃப்-3 கேட்பவையும் உண்டு, பிஎஸ்எஃப்-4 கேட்பவையும் உண்டு. கடைக்காரரிடம் ‘ஹூண்டாய்க்கு ஸ்டீயரிங் ஆயில்’ என்று கேட்பதே போதாது எனும்போது, ‘சிவப்பு ஒண்ணு குடுங்க’ என்பது எங்கே நிற்கும்?

மாற்றுவது என்று முடிவெடுத்த பிறகும் நிறம் விடுவதில்லை. பரவலாக நடப்பது இது: டப்பாவிலுள்ள பழைய ஆயிலை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசை ஊற்றுவது, டப்பா சிவந்துவிட்டது, வேலை முடிந்தது. மொத்தச் சுற்றில் ஒரு லிட்டர் ஆயில், அதில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை இப்படிச் செய்த பின்னும் உள்ளே மூன்றில் இரண்டு பங்கு பழைய ஆயில்தான். இன்ஜினை ஓடவிட்டுக் கலக்கி மூன்று முறை திரும்பச் செய்தாலும் ஏறத்தாழ 30 சதவீதம் பழசு மிஞ்சும். ஆனால் நிறமோ முதல் முறையிலேயே பெரும்பாலும் சிவந்துவிடும், ஏனென்றால் புதுச் சாயம் பழுப்பை அமுக்கிவிடுகிறது. ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டப்பாவிலுள்ள அந்தத் துளையை அடைத்து, இன்ஜின் அணைந்த நிலையில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே மேலே புது ஆயில் ஊற்றிவர வேண்டும். பழசு வெளியேறிப் புதுசு பாட்டிலுக்கு வந்துசேர்வதைக் காண்பதற்கு மட்டும் நிறம் உதவும். அந்த உதவியை நான் மறுக்கவில்லை. டப்பாவின் அடியிலுள்ள வலை அடைத்திருந்தால் டப்பாவையே மாற்றுவது உத்தமம். ஒழுகலை அடைக்கும் என்று விற்கும் திரவங்கள் சீல் ரப்பரை ஊதவைத்து ஒழுகலைத் தற்காலிகமாக நிறுத்துபவை. ஊதிய ரப்பர் நாளடைவில் தளர்ந்துபோகும். அப்போது ரேக்கையே கழற்ற வேண்டிவரும்.

இவ்வளவு சொன்ன பிறகு, ‘அப்படியானால் மாற்றவே வேண்டாம், கம்பெனியே இடைவெளி எதுவும் சொல்லவில்லையே’ என்று எதிர்முனைக்குத் தாவுபவர்களும் உண்டு. பல கையேடுகள் மட்டம் பார்க்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் கையேடு எழுதுபவர் முதல் உரிமையாளரின் முதல் சில வருடங்களை மனதில் வைத்து எழுதுகிறார். நம்மூரில் ஒரு வண்டி மூன்று கை மாறிப் பதினைந்து வருடம் ஓடுகிறது. ஹோஸ் மாற்றும்போது, பம்ப் மாற்றும்போது, டிஷ்யூவில் தூள் தங்கும்போது, என்ன ஊற்றப்பட்டது என்றே தெரியாதபோது முழுவதும் மாற்றுவது நல்லது. டவுனுக்குள் ஒடித்து ஒடித்து ஓட்டும் வாடகை வண்டி என்றால் அடிக்கடி சோதிப்பதும் நியாயம். புது கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தத் தொல்லையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1988இல் சுசுகி செர்வோவில் வந்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங் இன்று சின்ன கார்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் பரவிவிட்டது. அதில் மோட்டார்தான், ஆயிலே கிடையாது. அப்படிப்பட்ட வண்டியின் பானட்டைத் திறந்து ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் தேடினால் கைக்குத் தட்டுப்படுவது பிரேக் ஆயில் டப்பாதான்.

பழைய இன்னோவா ஒன்றை வாங்குபவருக்கு நிலைமை வேறு. முன்னால் வைத்திருந்தவர் என்ன ஊற்றினார் என்று அவருக்குத் தெரியாது. டப்பாவுக்குள் சிவப்பாக இருக்கிறது. அந்த வண்டியின் கையேடு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 கேட்கிறது, அதுவும் சிவப்புதான், ஆகவே சரியாக இருக்கும் என்று விட்டுவிடுவதற்குத்தான் மனம் போகும். உள்ளே இருப்பது டெக்ஸ்ரான்தானா, வேறு ஏதோ சிவப்பா என்பதை அந்த டப்பா சொல்லாது. ரேக் பூட்டுகளை நெம்பிப் பார்த்து, ஹோஸ் முனைகளைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்த்து, ஒழுகல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ரிட்டர்ன் ஹோஸ் வழியாக முழுவதையும் ஒருமுறை மாற்றிவிடுவதே அவருக்குச் சரி. வெளியே எடுத்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், பழைய இன்ஜின் ஆயில் வாங்குபவரிடமே கொடுத்துவிடலாம். ஊற்றிய ஆயிலின் தரக்குறியீட்டையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி மூடியின் பக்கத்தில் ஒட்டிவைத்தால், அடுத்து அந்த மூடியைத் திறப்பவருக்குப் படிக்க ஏதாவது இருக்கும்.